நான் தட்டச்சு செய்த சொல்

1

சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, கல்கத்தாவிலிருந்து சண்முகம் எழுதுவது.

உங்கள் தலைமையாசிரியரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவர் மேலே மேலே படித்துக்கொண்டு போனார். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, பரீட்சை எழுதி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்து இங்கே வந்துவிட்டேன். வந்து இந்த வருடத்தோடு இருபது வருடம் நிறைகிறது. அதைக் கேள்விப்பட்டுத்தான் அவர் போன் செய்தார்.

“ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடுடே. பிள்ளைகளுக்குப் புரியுத மாதிரி.”

“என்னத்த எழுத?”

“டிராம் வண்டி, ஹௌரா பாலம், ரசகுல்லா. அங்கன போயி எப்படிப் பொழைக்கன்னு எழுது. நம்ம ஊருப் பையன் இருபது வருஷம் வெளியூர்ல நல்ல பேரு வாங்கியிருக்காம்னு பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.”

டிராம் வண்டியைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். நல்ல பேரு என்று அவர் சொன்ன இடம் வந்ததும் பேனா ஓடவில்லை. அந்த வாரத்தில்தான் என் மகள் வீட்டுப்பாடம் எழுதினாள். அரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது எழுதுவது வேறு. இதை அவர் அச்சில் போடுவாரோ என்னவோ தெரியாது. ஆனால் பிள்ளைகளுக்கென்று ஒன்று எழுத உட்கார்ந்தால் இதை விட்டுவிட்டு வேறொன்றை எழுத எனக்கு மனசு வரவில்லை.

2

என் மகள் கோமதி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நம்மூர் அம்மன் பெயரைத்தான் வைத்தோம். இங்கே பள்ளிக்கூடத்தில் அவளை ‘கோமோத்தி’ என்று கூப்பிடுகிறார்கள். அவளும் அப்படித்தான் தன் பெயரைச் சொல்லுகிறாள். எங்களிடம் தமிழ் பேசுவாள், பாதியில் வங்காளத்துக்குத் தாவிவிடுவாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். கனவில் பேசும்போது முழுக்க வங்காளம் என்று அவள் அம்மா சொல்லுகிறாள்.

அன்று இங்கிலீஷ் டீச்சர் பத்து வார்த்தை கொடுத்து, ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருந்தார்.

“அப்பா, கல்பபிள் மானே கீ?” என்று கேட்டாள். கல்பபிள் என்றால் என்ன என்று அர்த்தம்.

“தமிழ்ல கேளுட்டி,” என்றாள் என் மனைவி பார்வதி, அடுப்படியிலிருந்து.

“கல்பபிள்னா என்னப்பா?”

எனக்குத் தெரிந்த வார்த்தைதான். ஆனால் சட்டென்று சொல்ல வரவில்லை. “டிக்ஷனரியப் பாரு,” என்றேன்.

“பாத்துட்டேன். தமிழ்ல என்னன்னு சொல்லுங்க.”

“பழிக்கு உரிய.”

“பழின்னா? பழி வாங்குறதா?”

“அது வேறம்மா. ஒரு தப்பு நடந்துட்டுன்னு வை. அந்தத் தப்புக்கு யாரைச் சொல்லணுமோ, யாரைச் சொன்னா நியாயமோ, அந்த ஆளைப் பத்திச் சொல்லுத வார்த்தை.”

“ஓ, தோஷி!” என்று வங்காளத்தில் சொல்லிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். எழுதியதைப் பெருமையாக என்னிடம் நீட்டினாள். இங்கிலீஷில் இப்படி எழுதியிருந்தாள்: ‘என் அப்பாவின் ஆபீசில் வெள்ளம் புகுந்து காகிதங்கள் எல்லாம் கெட்டுப் போனதற்கு நிர்மல் ஜேட்டு கல்பபிள்.’

ஜேட்டு என்றால் பெரியப்பா. நிர்மல்தா என் அலுவலகத்தில் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அண்ணன் என்பதற்கு இங்கே பெயரோடு ‘தா’ சேர்ப்பார்கள். கோமதிக்கு அவர் வீட்டுத் தேங்காய் உருண்டையைத் தின்றால்தான் துர்கா பூஜை முடிந்த மாதிரி.

பார்வதி ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். “ஏட்டி, பெரிய மனுஷன் பேரைப் போட்டு இப்படி எழுதலாமா? பாவம்.”

“பொய்யா எழுதினேன்? அப்பாதானே சொன்னாங்க, ஜேட்டு மேலதான் தப்புன்னு.”

“நீங்க சொல்லுங்க அவளுக்கு,” என்று பார்வதி என்னைப் பார்த்தாள். கோமதியும் பார்த்தாள்.

“வேற வாக்கியம் எழுதும்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். கடையில் எனக்கு வாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

3

பிள்ளைகளே, எங்கள் அலுவலகம் அலிப்பூரில் இருக்கிறது. பெயர் வேண்டாம். பெரிய கட்டடம். அதன் பின்னால் தாழ்வான இடத்தில் ஆவண அறை. ஓய்வு பெற்றவர்களின் காகிதங்கள், செத்துப் போனவர்களின் மனைவிமார் கொடுத்த மனுக்கள், எல்லாம் அங்கே தரையிலிருந்து கூரை வரை இரும்புத் தட்டுகளில் அடுக்கியிருக்கும். கல்கத்தாவில் ஒரு மணி நேரம் மழை அடித்தால் சாக்கடை எதிர்த்து வந்துவிடும். அறைக்கு வெளியே ஒரு குழி, அதில் ஒரு பம்ப். தண்ணீர் ஏறினால் சுவிட்சைப் போட்டு வெளியேற்ற வேண்டும். தானாக ஓடும் பம்ப் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவே இல்லை. அதனால் விடுமுறை நாளில்கூட எங்கள் பிரிவிலிருந்து ஒருவர் காலை பத்திலிருந்து ஐந்து வரை அங்கே உட்கார வேண்டும். முறை வைத்து வருவோம். அதற்கு ஒரு ரெஜிஸ்டர் உண்டு.

இங்கே துர்கா பூஜை என்றால் நம்மூரில் தீபாவளியும் பொங்கலும் கோவில் கொடையும் ஒரே வாரத்தில் வந்த மாதிரி. அதில் அஷ்டமி அன்று காலை வங்காளிகள் குளித்துப் புதுத் துணி உடுத்திப் பந்தலில் போய் நின்று பூப்போட்டுக் கும்பிட வேண்டும். அன்று ஒரு வங்காளியைப் பம்புக்குக் காவல் வைப்பது பாவம். அதேபோல் பொங்கலுக்கு இந்த ஊரில் விடுமுறை கிடையாது. எங்களுக்கு அன்று வீட்டில் இருக்க வேண்டும்.

அதனால் நிர்மல்தாவும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பூஜை நாளில் அவர் முறைக்கு நான் போய் உட்காருவேன். பொங்கலன்று என் முறைக்கு அவர் வருவார். எங்கள் பிரிவில் தமிழரும் வங்காளியும் இப்படி மாற்றிக்கொள்வது ரொம்ப நாள் வழக்கம். எழுத்தில் எதுவும் கிடையாது. முறை யாருடையதோ அவரே முதல் நாள் மாலை ரெஜிஸ்டரில் மறுநாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். மற்றவர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். எல்லோருக்கும் தெரியும். எந்த நாளில் யாருக்குப் பதில் யார் வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. பொய்க் கையெழுத்துதான். ஆனால் அது எங்களுக்குப் பொய்யாகத் தோன்றியதே இல்லை. ஒருவருக்கொருவர் செய்கிற மரியாதையாகத்தான் தோன்றியது.

வந்த புதிதில் ஒரு மேலதிகாரியை வங்காளத்தில் ‘நீ’ என்று சொல்லிவிட்டேன். மரியாதைக்கு வேறு வார்த்தை உண்டு என்று எனக்குத் தெரியாது. அறையே அமைதியானது. நிர்மல்தாதான், “சார், இவன் உங்களைக் கடவுள் மாதிரி நினைக்கிறான். கடவுளை நாம நீன்னுதானே சொல்றோம்,” என்று சொல்லி அந்த அதிகாரியையே சிரிக்க வைத்தார். அப்படிப்பட்ட மனிதர்.

4

இரண்டாயிரமாம் ஆண்டு பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. கோமதிக்கு அப்போது ஆறு வயது.

அஷ்டமி அன்று நிர்மல்தாவின் முறை. வழக்கம்போல முதல் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்து, “சாப்பாடு கொண்டு வந்துடு, நாளைக்குச் சுத்தி ஒரு கடையும் திறக்காது,” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். வானம் வெள்ளையாக இருந்தது. குழியில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டேன். தூரத்தில் எங்கோ மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே கொண்டாடுகிறது, நான் ஒரு குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது.

ஒரு மணிக்குப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். முன்வாசல் காவலாளி யார் வந்தார் போனார் என்று கவனிக்கிற ஆள் இல்லை.

வீட்டுக்குப் போனதும் பார்வதி கேட்டாள். “என்ன, அஞ்சு மணி ஆகும்னியளே?”

“நிர்மல்தா பூஜைய முடிச்சிட்டு வந்துட்டாரு. நீ போன்னு அனுப்பிட்டாரு,” என்றேன். எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. சும்மா வந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருக்கப் போகிறாள்? சிரித்திருப்பாள்.

மூவரும் கரியாஹாட்டுக்குப் போனோம். நடைபாதைக் கடையில் கோமதிக்குக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. மூன்று மணி இருக்கும். கடைக்காரர் இழுத்துவிட்ட தார்ப்பாய்க்கு அடியில் நின்றோம். கால் மணி நேரத்தில் தெருவில் கணுக்கால் தண்ணீர். கோமதி அதில் குதித்தாள். எனக்குப் பம்ப் நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். பஸ் ஓடாது, டாக்சி வராது, எல்லாத் தெருவும் பந்தல் கூட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடந்தே போயிருக்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் போயிருப்பேன். இதைவிடப் பெரிய மழையையெல்லாம் அந்த அறை தாங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மகளை வேடிக்கை பார்த்தபடி நின்றேன்.

மறுநாள் முறைக்கு வந்தவர் திறந்தபோது கீழிரண்டு தட்டும் ஊறிப் போயிருந்தன. காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. மை கரைந்து ஓடியிருந்தது. அதில் குடும்ப ஓய்வூதிய மனுக்களும் இருந்தன. பிறகு ஒரு வருடத்துக்கு மேல், புருஷனை இழந்த பெண்கள் இறப்புச் சான்றிதழை மறுபடி எடுத்துக்கொண்டு எங்கள் கவுண்டருக்கு வந்து வரிசையில் நின்றார்கள். ஒரு அம்மாள் மூன்று தடவை வந்தார். நான்தான் அவரிடம் ஒவ்வொரு தடவையும், “அடுத்த வாரம் வாங்க,” என்று சொன்னேன்.

5

விசாரணைக்கு வேறு கிளையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

“அஷ்டமி அன்று யாருடைய முறை?”

“ரெஜிஸ்டர்படி நிர்மல் பாபுவோடது சார்.”

“அன்று நடந்ததைப் பற்றி உங்களுக்கு வேறு ஏதாவது தெரியுமா?”

“இல்லை சார்.”

இவ்வளவுதான் நான் சொன்னது. முதல் பதில் உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டாவது பதிலைச் சொன்னேன்.

இங்கே அந்தக் காலத்திலிருந்து தமிழன் என்றால் டைப் நன்றாக அடிப்பான் என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் பிரிவில் இங்கிலீஷ் டைப்புக்கு நான்தான். அதனால் அந்த அதிகாரி கையால் எழுதிய அறிக்கை, நான்கு காப்பி அடிக்க என் மேசைக்கே வந்தது.

கடைசிப் பத்தியில் நிர்மல்தாவின் பெயருக்குப் பக்கத்தில் முதலில் ‘ரெஸ்பான்சிபிள்’ என்று எழுதி அதைக் கோடு போட்டு அடித்திருந்தார். மேலே வேறொரு வார்த்தை. எழுத்துச் சரியாகத் தெரியவில்லை. தப்பாக அடித்துவிடக் கூடாதே என்று அலுவலக அகராதியை எடுத்துப் புரட்டினேன். கல்பபிள். பழிக்கு உரிய.

பிள்ளைகளே, இந்த இரண்டு வார்த்தைக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் நான் கற்றுக்கொண்டேன். முதல் வார்த்தைக்குப் பொறுப்பு என்று அர்த்தம். ரெஜிஸ்டரில் யார் பெயர் இருக்கிறதோ பொறுப்பு அவருடையது. அதை ஒருவருக்குக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த வார்த்தையே இருந்திருந்தால், ‘ரெஜிஸ்டர்படி சரிதானே’ என்று என் மனதுக்குச் சமாதானம் சொல்லி அடித்திருப்பேன். ஆனால் அதிகாரி அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு எழுதியது இன்னொன்று. பழி என்பது யார் செய்தாரோ அவரிடம்தான் இருக்கும். இன்னொருவர் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுதினால் அந்த எழுத்துதான் பொய்யாகும். நிர்மல்தா செய்தது ஒரு பொய்க் கையெழுத்து. அதற்கு உரியது அவருக்கு உண்டு. காகிதம் நனைந்ததற்கு உரியவன் நான். இதெல்லாம் எனக்கு அங்கேயே, அப்போதே தெளிவாகத் தெரிந்தது.

தெரிந்துகொண்டே அடித்தேன். நாலாவது காப்பியிலும் எழுத்து விழ வேண்டும் என்று அழுத்தி அடிப்பது என் வழக்கம். அப்படியே அடித்தேன்.

நிர்மல்தா தன் காப்பியை என் மேசைக்கு வந்துதான் வாங்கினார். நின்றபடியே முழுக்கப் படித்தார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார். “நீ அடிச்சதா?” என்று கேட்டார்.

“ஆமா நிர்மல்தா.”

“சுத்தமா இருக்கு. ஒரு தப்புகூட இல்லை.”

அதை அவர் குத்தலாகச் சொன்னாரா, வழக்கம்போலப் பாராட்டிச் சொன்னாரா, எனக்குத் தெரியாது.

பதில் எழுத அவருக்கு ஏழு நாள் கொடுத்திருந்தார்கள். ஏழு நாளும் நாலு மணிக்கு என் மேசைக்கு வந்து, “சா காபே?” என்று கேட்டார். டீ குடிக்கிறாயா என்று. ஏழு நாளும் போனேன். மண் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பேசாமல் நிற்பார். நான் மேட்ச்சைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவேன். ஏழாம் நாள் அவர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து டைப் அடித்துத் தரச் சொன்னார். ‘நான் கூடுதலாகச் சொல்ல ஒன்றும் இல்லை’ என்று ஒரே வரி. அதையும் நான்தான் அடித்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்னை டீக்குக் கூப்பிடவில்லை.

6

அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் கறுப்புக் குறி விழுந்தது. வீட்டில் கேட்டபோது, என்னை அனுப்பியபின் அவர் பம்பைக் கவனிக்கவில்லை என்று சொல்லிவைத்தேன். வரவேண்டிய பதவி உயர்வு அவருக்கு இளையவருக்குப் போனது. வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள், ‘பம்ப் பாபு’ என்று. மழை வந்தால் யாராவது, “பம்ப் பாபு, ஜாக்கிரதை!” என்று கத்துவார்கள். ஒருமுறை எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூடத் தேவலை.

இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் பூஜை முடிந்ததும் பார்வதியையும் கோமதியையும் கூட்டிக்கொண்டு டாக்குரியாவில் அவர் வீட்டுக்குப் போனேன். பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டு இனிப்புச் சாப்பிடுவது இங்கே வழக்கம். ஆறு வருடம் அவர் காலைத் தொட்டேன். ஆறு வருடம் அவர் மனைவி, நாங்கள் பௌதி என்று கூப்பிடும் அண்ணி, கொடுத்த தேங்காய் உருண்டையைத் தின்றேன். போகாமல் நின்றால் ஏன் போகவில்லை என்று பார்வதி கேட்பாள். அதற்குப் பயந்துதான் போனேன்.

7

கோமதியின் நோட்டைப் பார்த்த மறுநாள் காலை, அவள் பள்ளிக்கூடம் போனபின் பார்வதியிடம் சொன்னேன். உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

“நிர்மல்தா வந்து மாத்திவிட்டாருன்னு சொன்னியளே.”

“பொய்.”

“வளையல் வாங்கினமே, அன்னைக்கா?”

“அன்னைக்குத்தான்.”

உளுந்துப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு, “பௌதி என்கிட்ட அழுதிருக்காவ. இந்த மனுஷன் கவனமா இருந்திருந்தா எங்களுக்கு இந்தக் கேவலம் வருமான்னு. நானும் ஆமா பௌதின்னு தலைய ஆட்டிட்டு வந்திருக்கேன்,” என்றாள். “என்னையும்லா பொய் சொல்ல வச்சிருக்கிய. போங்க. போயி எழுதிக் குடுங்க. இல்லேன்னா இனிமே நான் அவுக மூஞ்சில எப்படி முழிக்கது?”

“வேலைக்குக் கேடு வந்தாலும் வரும்.”

“வரட்டும்.”

அன்று மாலை எல்லோரும் போனபின் உட்கார்ந்து அடித்தேன். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது, அழுத்தி அடிக்க வேண்டியதில்லை. அஷ்டமி அன்று அங்கே இருந்தவன் நான், ஒரு மணிக்குப் போனவன் நான், விசாரணையில் மறைத்தவன் நான், நிர்மல் பாபு அல்ல, நானே கல்பபிள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள், புதன்கிழமை, அதைப் பொரோபாபுவிடம் கொடுத்தேன். பொரோபாபு என்றால் எங்கள் தலைமை எழுத்தர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“பைத்தியமா உனக்கு? ஆறு வருஷமாச்சு. ஃபைல் மூடியாச்சு. நிர்மல் இன்னும் நாலு மாசத்துல ரிடையர். அவரே மறந்திருப்பார்.”

“ரிடையர் ஆகுறதுக்குள்ள அந்தக் குறி போகணும் பொரோபாபு.”

“அது போகுமோ என்னவோ, நீ போயிடுவே. இதுக்கு டைரி நம்பர் போட்டேன்னா அப்புறம் நானே நினைச்சாலும் நிறுத்த முடியாது. பொண்ணு வெச்சிருக்கே.” கடிதத்தை மடித்து மேசை டிராயருக்குள் வைத்தார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் இது இங்கேயே தூங்கட்டும். வந்து கேட்டா திருப்பிக் குடுத்துடறேன். நான் ஒண்ணும் பார்க்கலை.”

எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். நிம்மதியாக இருந்தது. கொடுத்தாகிவிட்டது என்றும் சொல்லிக்கொள்ளலாம், இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்றும் இருக்கலாம்.

8

அன்று சாயங்காலமே டாக்குரியாவுக்கு ரயிலேறிப் போனேன். நிர்மல்தா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் வங்காளத்தில் சொன்னதையெல்லாம் நான் தமிழில் எழுதுகிறேன்.

“பூஜை இன்னும் வரலையே, என்ன திடீர்னு?” என்றார்.

நின்றுகொண்டே சொன்னேன். மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியங்கள் பாதியில் குழம்பிவிட்டன. அவர் பேப்பரை மடித்தார்.

“இதை எதுக்கு என்கிட்ட சொல்றே? எனக்குத் தெரியாதா? சாவியை உன் கையில குடுத்தவன் நான்.”

“நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம் நிர்மல்தா.”

“நான் ஏன் சொல்லணும்?” குரல் உயரவில்லை. “கையெழுத்து என்னோடது. அதை நான் மறுக்க முடியாது. மீதி உன்னோடது. அதை நீதான் சொல்லணும்னு ஏழு நாள் காத்திருந்தேன். எட்டாம் நாள் விட்டுட்டேன்.”

அவர் உள்ளே கையைக் காட்டினார். “நாம மாத்திக்கிட்டது அவளுக்குத் தெரியாது. முறை இருந்ததையே மறந்துட்டு நான் பந்தல்ல நின்னேன்னு நினைச்சுட்டு இருக்கா. நான் சொல்லலை. நான் சொன்னா பெண்டாட்டிகிட்ட சாக்குச் சொல்ற மாதிரி இருக்கும், அவ நம்பமாட்டா. வந்தது வந்துட்டே, போய் அவகிட்ட சொல்லு.”

அடுப்படி வாசலில் போய் நின்றேன். பௌதி பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். “வா சண்முகோம், உட்காரு, சாப்பிட்டுட்டுப் போ,” என்றார்.

“பௌதி, தோஷ் ஆமார்,” என்றேன். தப்பு என்னுடையது என்று.

“என்னத்தைக் கொட்டினே?” என்று சிரித்துக்கொண்டே தரையைப் பார்த்தார்.

அப்புறம்தான் சொன்னேன். என் வங்காளம் பத்தி பத்தியாய்ப் பேசுகிற வங்காளம் இல்லை. சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். அன்று பம்புக்கு வந்தவன் நான். ஒரு மணிக்குப் போய்விட்டேன். நிர்மல்தா வரவில்லை. வரவேண்டியதும் இல்லை. கேட்டபோது தெரியாது என்றேன். சின்ன வாக்கியத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

“அன்னைக்கு நீ எங்கே இருந்தே?”

“கரியாஹாட்டில். கோமதிக்கு வளையல் வாங்கிட்டு இருந்தேன்.”

பௌதி கையிலிருந்த மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டார். ஒவ்வொரு விரலாக வழித்தார். “ஆறு வருஷமா இந்த மனுஷன் எழுந்து போன இடமெல்லாம் பின்னாடியே போய் காஸ் மூடியிருக்கா, குழாய் மூடியிருக்கா, கதவு பூட்டியிருக்கான்னு பார்த்துட்டு இருக்கேன். அவர் கண்ணு முன்னாடியே பார்ப்பேன். தெரியட்டும்னே பார்ப்பேன்,” என்றார். “ஒரு நாள்கூட வாயைத் திறக்கலையே அவர்.”

என்னைத் தாண்டி முன்னறைக்குப் போனார். கணவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அடுப்படியிலேயே நின்றேன். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கடைசியில் பௌதி என் பக்கம் திரும்பாமலே, “நீ இப்போ போ சண்முகோம்,” என்றார்.

கம்பிக் கதவைத் திறந்துவிட நிர்மல்தா எழுந்து வந்தார். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருப்பதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வரை டிராயரில் இருக்கும் என்பதையும் சொன்னேன். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அதைத் திருப்பி வாங்காதே,” என்றார்.

‘போகட்டும் விடு, வயசான காலத்துல எனக்கு எதுக்கு, கிழிச்சுப் போடு’ என்று அவர் சொல்லுவார் என்று எதிர்பார்த்துத்தான் நான் அங்கே போயிருக்கிறேன். அதற்காகத்தான் டிராயர் சமாச்சாரத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். அது அந்த இடத்தில் நிற்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“வாங்கமாட்டேன் நிர்மல்தா.”

“நாலு மாசம்தான் இருக்கு,” என்றார். கதவைச் சாத்தினார்.

9

வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. வியாழன் காலை பொரோபாபுவின் மேசைக்கு முன்னால் நின்று, நம்பர் போடச் சொன்னேன். அவர் என்னைத் திட்டிக்கொண்டே டிராயரைத் திறந்தார், திட்டிக்கொண்டே முத்திரை குத்தினார். இப்போது அது மேலே போயிருக்கிறது. என்னை எப்போது கூப்பிடுவார்கள், என்ன செய்வார்கள் என்று தெரியாது. நிர்மல்தாவின் குறி அதற்குள் போகுமா என்பதும் தெரியாது. அதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது.

அன்று மாலை கோமதியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நான் உங்களுக்குச் சொன்ன இவ்வளவையும் அவளுக்குச் சொன்னேன். முடிந்தபின் கால் விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்போ இந்தப் பூஜைக்கு ஜேட்டு வீட்டுக்கு நாம போவோமா, மாட்டோமா?”

“அவங்க கூப்பிட்டா போகலாம்மா.”

“கூப்பிடலைன்னா?”

“கூப்பிடலைன்னா போகக் கூடாது.”

“நான் ஒண்ணும் செய்யலையேப்பா,” என்றாள்.

“ஆமாம்மா, நீ ஒண்ணும் செய்யலை,” என்று மட்டும் சொன்னேன்.